வடமலைச் சிற்றூரிற் குடிபுகுவோர் ஆராய வேண்டுவன

நாட்டின் உறுப்புக்களை எண்ணப் புகுந்த திருவள்ளுவர் மலையையும் நீரையும் ஒருங்கு வைத்து எண்ணினார். மலை கண்ணுக்கு விருந்தாதல் உண்மையே. ஆயினும் அங்கு வாழ்வோர்க்கு அது நீரும் விளைநிலமும் விறகும் புல்லும் தரும் இடமாகும். இதனை நோக்காது, பனிமுடியின் காட்சி ஒன்றையே கண்டு மயங்கி, அதன் எதிரே வீடு கட்டிக்கொண்டு பின்னர் வருந்துவோர் உளர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின், கணினியின் வாயிலாக எவ்விடத்திருந்தும் பணியாற்றும் வாய்ப்புப் பெருகியது. நகர வாழ்வை நீத்து இமயமலைச் சிற்றூர்களிற் குடிபுக விரும்புவோரும் பலராயினர். கல்வி முடித்து வெளியேறும் மாணவர் சிலர் உள்ளத்திலும் இவ்விருப்பம் இருத்தல் கூடும். அத்தகையோர் ஊரைத் தேரும் முறை யாதென்பதை, உத்தராகண்டத்துக் குமாவூன் பகுதியையும் இமாசலப் பிரதேசத்துச் சில ஊர்களையும் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளல் வேண்டும். நாம் எந்த மலைக்குச் செல்ல விரும்புகின்றோமோ, அந்த மலையினின்று அதன் மக்கள் இறங்கிப் போகின்றனர். 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அல்மோரா, பௌரி என்னும் இரு மாவட்டங்களின் மக்கட்டொகை குறைந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், உத்தராகண்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றூர்கள் மக்களின்றிக் கிடந்தன. அவர்கள் காட்சி போதாமையாற் போனவர் அல்லர். கூலியும் பள்ளியும் மருத்துவமும் நாடிப் போயினர். அவர்க்கு அங்கே கிட்டாதது, புதிதாகச் செல்லும் நமக்கு மட்டும் எவ்வாறு கிட்டும்? ஆதலின், “இவ்வூரிற் பிறந்தோர் இதனை ஏன் நீத்தனர்?” என்னும் வினாவே ஆராய்ச்சியின் தொடக்கமாதல் வேண்டும்.

1. நோக்கம்

ஊரைத் தேடுமுன் தன் நோக்கத்தைத் தெளிதல் முறை. இதற்கு முக்தேசுவரம் நல்ல சான்று. 1889-இல் பூனாவில் நிறுவப்பெற்ற கால்நடை நோயாராய்ச்சிச் சாலை, 1893-இல் குமாவூனைச் சார்ந்த முக்தேசுவர மலைக்கு மாற்றப்பெற்றது. மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை முதலிய தொற்றுநோய்களின் கிருமிகளைக் கையாளுதற்கு, மந்தைகள் நெருங்காத தனிமையும் குளிர்ந்த காற்றும் வேண்டியிருந்தன. அவை இரண்டும் அம்மலைமுடியிற் கிடைத்தன. எனினும் பணி பெருகியபோது அவ்விடம் ஒன்றே போதவில்லை. 1913-இல் பரேலிக்கு அருகே சமவெளியில் ஒரு கிளை ஏற்பட்டது. நாளடைவில் அதுவே தலைமையிடமாயிற்று.

ஒரு பணிக்கு நன்மையாகும் இயல்பே மற்றொரு பணிக்குக் குறையாதல் இதனால் விளங்கும். நூலெழுதுவோன் விரும்பும் தனிமை, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய தாய்க்குத் துன்பமாகும். இளைஞன் மகிழ்ந்து ஏறும் செங்குத்தான படிகள், முதியோர்க்குச் சிறைச்சுவர் ஆகும். யாருடன், எத்தனை ஆண்டு, எத்தொழில் செய்து வாழ்தற்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே நிலப்படத்தைக் கையில் எடுத்தல் வேண்டும்.

2. குளிரும் வெயிலும்

தென்னாட்டவராகிய நாம் உதகையையும் கோடைக்கானலையும் கொண்டு இமயத்தை அளக்கும் இயல்புடையேம். அவ்வளவை பொருந்தாது. உதகையும் முக்தேசுவரமும் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரமுடையனவே. ஆயினும் உதகையில் மார்கழியில் உறைபனி படியும். முக்தேசுவரத்திலோ வெண்பனி பொழிந்து வழியை மூடும். இஃது இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகையினின்று நிற்கும் தொலைவின் வேற்றுமையால் வருவது. டிசம்பர் மாதத்திற் கோடைக்கானலில் பகற்பொழுது 11½ மணி நீளும். குமாவூனிலோ 10¼ மணி அளவே உண்டு. மலை மறைப்பினால் வெயில் இன்னுங் குறைதலும் கூடும்.

ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 6½ பாகை குறையும் என்பது பொது விதி. இதனினும் வீட்டுக்கு இன்றியமையாதது சரிவு நோக்கிய திசை. வடபாதி உலகிற் குளிர்காலத்துக் கதிரவன் தென்வானிற் றாழ்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய சரிவு நாள் முழுதும் வெயில் பெறும். வடக்கு நோக்கிய சரிவில் பனி பல நாள் உருகாது கிடக்கும். பனிமுடிகள் வடக்கே இருத்தலின், காட்சியை விரும்புவோன் வடக்கு நோக்கிய சரிவிலேயே வீடு தேடுவான். தை மாதத்தில் ஈரச் சுவரும் உறைந்த குழாயும் அவனுக்குப் பயனாகும். ஆகவே ஊரைச் சித்திரையிற் கண்டு முடிவு செய்தல் தகாது. ஜனவரியில் ஒரு முறையும், மழை மிக்க ஆகஸ்டில் ஒரு முறையும் சென்று தங்கியே தெளிதல் வேண்டும்.

3. நிலத்தின் உறுதி

இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டின் கீழ் நுழைவதனால், அங்கே நிலநடுக்கம் ஒழிவதில்லை. 1905 ஏப்ரல் 4-ஆம் நாள் காங்கிராப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நடுக்கத்தில் ஏறக்குறைய 20,000 மக்கள் மாண்டனர். நடுக்கத்தைத் தடுத்தல் மக்களால் ஆகாது. வீட்டை அதற்கேற்ப அமைத்தல் ஆகும். மரச்சட்டங்களையும் கல்வரிசைகளையும் மாறிமாறி அடுக்கிச் சாந்தின்றிக் கட்டும் பழைய இமாசல வீடுகள், நடுங்குங்கால் சற்றே அசைந்து கொடுத்து நிலைக்கும் இயல்புடையன. ‘காட்குனி’ என்று அவற்றை அம்மக்கள் வழங்குவர்.

நிலமே நழுவுமாயின் எவ்வீடும் நில்லாது. பத்ரிநாதம் செல்லும் வழியிலுள்ள ஜோசிமடம், பழைய மலைச்சரிவின் குவியல்மீது அமைந்த ஊர். அங்கே கனத்த கட்டிடங்களை எழுப்பலாகாது என்று 1976-இல் அரசாங்கம் அமைத்த குழு எச்சரித்தது. எச்சரிக்கை ஏட்டில் நின்றது, கட்டிடங்கள் பெருகின. 2023 ஜனவரியில் 800-க்கு மேற்பட்ட கட்டிடங்களில் வெடிப்புக் கண்டு, பல குடும்பங்கள் கடுங்குளிரில் வீட்டை விட்டு வெளியேறின. நைனிதாலிலும் 1880 செப்டம்பர் 18-ஆம் நாள் மலை சரிந்து 151 பேர் மண்ணில் அழுந்தினர்.

இவற்றால் நாம் அறிய வேண்டுவன சில உள. அடிமரம் வளைந்து நிற்கும் மரங்களும், சாய்ந்த கம்பங்களும், மீண்டும் மீண்டும் பூசப்பெற்ற சுவர் வெடிப்புகளும் நிலம் நகர்வதன் குறிகள். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையை அதன் இயல்பான அளவென்று கொள்ளலாகாது. மேலும், அவ்வூரின் பழைய வீடுகள் எங்கே நிற்கின்றன என்று நோக்குக. முன்னோர் பாறைத்திட்டில் வீடு கட்டி, ஆற்றோரத்துச் சமநிலத்தை வயலாக விட்டிருப்பின், அதற்குக் காரணம் உண்டு. அவ்வயலில் ஒரு மனை மலிவாக விலைக்கு வருமாயின், அம்மலிவுக்கும் காரணம் உண்டு.

4. நீர்

மலையில் நீருக்குக் குறைவில்லை என்பது சமவெளியார் எண்ணம். ஆறு பள்ளத்தில் ஓடும். ஊர் முகட்டில் இருக்கும். அல்மோரா நகரத்தார் முற்காலத்தில் ‘நவுலா’ எனப்படும் கல்லாற் கட்டிய ஊற்றுத்தொட்டிகளைப் போற்றி வாழ்ந்தனர். இந்நாளில் கீழே ஓடும் கோசியாற்று நீரை இயந்திரத்தால் மேலேற்றி உண்கின்றனர். இந்திய இமயப் பகுதியின் ஊற்றுக்களுட் பாதியளவு வற்றியோ பருவத்தில் மட்டும் சுரப்பனவாகவோ ஆகிவிட்டனவென்று, நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அதே ஆண்டு கோடையில் சிம்லா நகரத்தார் குடங்களுடன் தெருவில் நின்றனர்.

ஊற்றை அளத்தல் எளிது. மே மாதக் கடைசியில் பத்து லிட்டர் வாளியொன்றை ஊற்றுவாயில் வைத்து, அது நிறையும் காலத்தைக் குறித்துக்கொள்க. இரண்டு நிமிடத்தில் நிறையுமாயின், ஒரு நாளைக்கு 7,200 லிட்டர் சுரக்கும். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது சிற்றூர்க் குடிநீர்த் திட்டத்தின் அளவு. ஐவருள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர் ஆகும். ஆகவே அவ்வூற்று 26 குடும்பங்களுக்கே போதும். ஆடுமாடுகள் இக்கணக்கிற் சேரா. அவ்வூரில் முன்னரே 26 குடும்பங்கள் உளவாயின், நாம் அங்கே அருந்தும் ஒவ்வொரு குடமும் பிறர் குடமாம். விடுதி கட்டித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவோன் அயலாரின் தண்ணீரை விற்கின்றான் என்று கூறின் மிகையாகாது.

ஊற்றின் மேலுள்ள காட்டையும் நோக்குதல் வேண்டும். ஓக் மரக்காட்டின் உதிர்ந்த இலைகள் மெத்தெனப் படிந்து மழைநீரை நிலத்தில் இறங்கச் செய்யும். பைன் மரத்தின் ஊசியிலைகளோ வேனிலில் எளிதில் தீப்பற்றும். 2024 ஜூனில் அல்மோராவை அடுத்த பின்சர்க் காட்டில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் சிலர் உயிர் துறந்தனர். வீட்டைச் சுற்றிப் பைன் மரங்கள் இருத்தல் படத்துக்கு அழகு, காப்புக்கு ஆகாது.

5. வழியும் மருத்துவமும்

கத்கோதாம் புகைவண்டி நிலையத்திலிருந்து அல்மோரா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சமவெளியில் இஃது ஒன்றரை மணிப் பயணம். மலையில் அதனினும் பெரிதும் மிகும். வழி அடைபட்டால் நாட்கணக்காகும். 2021 அக்டோபரில் முக்தேசுவரத்தில் ஒரே நாளில் 340 மில்லிமீட்டர் மழை பொழிந்தபோது, நைனிதாலுக்குச் செல்லும் சாலைகள் அறுந்தன. ஆதலின் தொலைவைக் கிலோமீட்டரால் அளவாது காலத்தால் அளக்க வேண்டும். “நள்ளிரவில், மழையில், பேறுகால நோவுற்ற ஒருத்தியை மருத்துவரிடம் சேர்க்க எத்தனை நாழிகை ஆகும்?” என்று ஊராரைக் கேட்பின் உண்மை புலப்படும். அவ்விடை நமக்கு அச்சம் தருமாயின், அவ்வச்சத்தோடு அம்மக்கள் தலைமுறைதோறும் வாழ்ந்து வருகின்றனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

6. சட்டமும் அயலாரும்

வெளியார் நிலம் வாங்குதற்கு மலைநாடுகளில் வரம்பு உண்டு. இமாசலத்தில் 1972-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, அந்நாட்டு உழவர் அல்லாதார் அரசின் இசைவின்றி நிலம் கொள்வதைத் தடுக்கின்றது. உத்தராகண்டத்தில் 2025-இல் திருத்தப்பெற்ற சட்டம், 13 மாவட்டங்களுள் 11-இல் வெளியார் வேளாண்நிலம் வாங்குதலை விலக்குகின்றது. இவ்வரம்புகளை இடையூறென்று எண்ணிப் பிறர் பெயரில் நிலம் வாங்குவோர், பொருளையும் மானத்தையும் ஒருங்கே இழப்பர். விளைநிலம் சிறிதாயுள்ள நாட்டில், அது பொருளுடையார் கைக்குப் போய்விடாதபடி காக்கும் வேலியே இச்சட்டம். ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பார்த்தலே நேரிய வழி.

வந்தேறியாகச் சென்றும் ஊராருள் ஒருவராக வாழ்ந்த இருவரை இங்கே குறிப்பிடல் தகும். அமெரிக்க நாட்டுச் செல்வக் குடியிற் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1904-இல் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்ய இந்தியா போந்தார். பின்னர் சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கடத்தில் தங்கி, அவ்வூர்ப் பெண்ணை மணந்து உழவரானார். 1916-இல் தம் நாட்டிலிருந்து தருவித்த ஆப்பிட் கன்றுகளை நட்டு, அயலார்க்கும் அப்பயிரைப் பழக்கினார். மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்கச் செய்த வெட்டிவேலை முறையை எதிர்த்துப் போராடினார். கூலி நாடி வெளியேற வேண்டியிருந்த மலையில், அவர் நட்ட பயிர் பல குடும்பங்களை ஊரிலேயே நிறுத்தியது. இலண்டனிற் பிறந்த காதரின் ஹைல்மன், சரளா பேன் என்னும் பெயருடன் குமாவூனை அடைந்து, 1946-இல் கௌசானியில் மலைநாட்டுச் சிறுமியர்க்கு லட்சுமி ஆசிரமம் என்னும் கல்விநிலையம் நிறுவினார். இருவரும் அவ்வூர்களில் இல்லாதன எவை என்று கண்டனர். தம்மால் இயன்றதைக் கொடுத்தனர்.

7. மூன்று ஊர்கள்

மேற்கூறிய அளவைகளால் மூன்று ஊர்களை ஒப்பிட்டுக் காண்போம். முக்தேசுவரம் தனிமையும் தெளிந்த காற்றும் உடையது. உடல் வலிவும் சிறு குடும்பமும் உடையார்க்கு ஏற்றது. அல்மோரா அதனினும் தாழ்ந்து 5,400 அடி அளவில் உள்ளது. பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் பெற்றது. பிள்ளைகளை உடையார்க்குத் தகும். ஆயினும் அங்கே நீரைச் சிக்கனமாகக் கொள்ளல் வேண்டும். காங்கிராவைச் சார்ந்த பாலம்பூர் 4,000 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்களும் ‘கூல்’ எனப்படும் வாய்க்கால்களும் சூழ விளங்குவது. குளிர் தாங்காத முதியோர்க்கு அதுவே நலம். எனினும் மழை மிகப் பெரிது. 1905-ஆம் ஆண்டு நடுக்கம் அழித்த பகுதியும் அதுவே. குறையில்லாத ஊர் எங்கும் இல்லை. நாம் தாங்கக்கூடிய குறை எது என்று தேர்வதே அறிவுடைமை.

முடிவாக, ஊரைத் தேர்வோன் தன்னையும் ஊரார் தேர்கின்றனர் என்பதை மறத்தல் கூடாது. நீரும் நிலமும் வழியும் நன்கு ஆராய்ந்த பின்னும் ஒரு வினா எஞ்சும். தொடக்கத்தில், அவ்வூரார் எதைத் தேடி வெளியேறினர் என்று கேட்டோம். அவர் தேடிய கல்வியிலோ மருத்துவத்திலோ தொழிலிலோ ஒரு சிறிதையேனும் நாம் உடன்கொண்டு செல்கின்றோமா? கணக்குச் சொல்லிக்கொடுக்க வல்ல ஒருவன், மருந்தறிந்த ஒருத்தி, விளைபொருளை நல்ல விலைக்கு விற்க வழிகாட்டும் ஒருவன் செல்வாராயின், ஒரு வீட்டாரேனும் மலையிறங்காது தங்குதல் கூடும். அவ்வாறு கொண்டு செல்லும் மாணவன் எம்மலையிலும் அயலான் ஆகான்.