துண்டை எடுத்து அரையில் கட்டிக்கொண்டவர்

வேத பாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: யோவான் 13:1-17; லூக்கா 22:24-27; மத்தேயு 25:31-40; அப்போஸ்தலர் 6:1-6



இந்த மாதம் தாழ்மையைக் குறித்து எழுதும்படி போதகர் ஐயா கேட்டபோது, "ஐயா, அதுக்கு நான் தகுந்த ஆள் இல்லையே" என்றேன். "அதனாலதான் உங்களை எழுதச் சொல்றேன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது சபையில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்று, என் குற்றத்தை முதலாவது அறிக்கையிட்டு இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

1. பாயில் பட்ட சேறு

நான் முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கண்டக்டராக வேலை பார்த்தவன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நான் போய் நின்றால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். ரிட்டையர் ஆனதோடு அந்த அதிகாரம் போய்விட்டது. ஆனால் அந்தக் குரல் மட்டும் போகவில்லை; அது என்னோடுகூட சபைக்கும் வந்துவிட்டது.

2021 நவம்பரில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கி, துதி நடந்துகொண்டிருந்தது. சபைக்குப் புதுப் பாய்கள் வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லைன் வீட்டிலிருந்து நடந்தே வரும் வயதான தாயார் ஒருவர் உள்ளே வந்தார்கள். எஸ்டேட் குறுக்குப்பாதை முழுவதும் சேறு, அட்டை. அவர்கள் கால் வைத்த இடமெல்லாம் பாயில் சேறும் ரத்தமுமாகத் தடம் பதிந்தது. நான் எழுந்து, "பாயைப் பாரும்மா! வெளியில குழாய் இருக்குல்ல, கழுவிட்டு வரக்கூடாதா?" என்று சத்தம் போட்டேன். பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தாயார் ஒன்றும் பேசவில்லை. பின்னாலேயே போய், கதவோரம் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் முன்னால் போய் நின்று கைதட்டிப் பாடினேன். அன்றைக்கு அந்நியபாஷையில் பேசிக் களிகூர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த மூன்று ஞாயிறு அவர்கள் சபைக்கு வரவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிற ஒரு சின்னப் பிள்ளைதான், "அங்கிள், அந்தப் பாட்டி ஏன் வர்றதில்ல?" என்று கேட்டது. "மழைனால இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

2. நஞ்சப்பசத்திரத்தில் கொடுத்த கம்பளி

அந்த டிசம்பர் 8-ஆம் தேதி நம்முடைய குன்னூருக்குப் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர், காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்தவர்கள் 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவருடைய மனைவியும் அதில் இருந்தார்கள். 13 பேர் அன்றே மரித்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங், டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரில் மரித்தார்.

சத்தம் கேட்டவுடனே அந்த ஊர் ஜனங்கள் ஓடினார்கள். தீயணைப்பு வண்டி சுலபமாய் இறங்கக்கூடிய இடமா அது? வீட்டில் இருந்த குடங்களிலே தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். காயப்பட்டவர்களையும் மரித்தவர்களையும் தூக்குவதற்குத் தங்கள் கம்பளிகளையும் போர்வைகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். டிசம்பர் மாதத்தில் இந்த மலையில் கம்பளி இல்லாமல் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட ஈவு என்று தெரியும். பின்பு ராணுவ அதிகாரிகள் அந்த ஊருக்கே வந்து நன்றி சொல்லி, ஜனங்களுக்குக் கம்பளிகளும் உணவுப்பொருட்களும் கொடுத்தார்கள்.

நான் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காரியம் என் உள்ளத்தைக் குத்தியது. எரிகிற அந்த விமானத்துக்குள் இருப்பது யார் என்று ஓடிப்போனவர்களுக்குத் தெரியாது. பெரியவரா சிறியவரா என்று விசாரித்துவிட்டு அவர்கள் குடத்தைத் தூக்கவில்லை. மத்தேயு 25-ல் ராஜாவின் வலதுபக்கத்தில் நிற்கிறவர்களும் அப்படித்தானே? உம்மை எப்போது அப்படிக் கண்டோம் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள். யாருக்குச் செய்கிறோம் என்று அறியாமலே செய்தவர்கள் அவர்கள்.

ஆவியானவர் என்னோடு இடைபட்டார். "தங்கள் கம்பளி ரத்தத்தில் நனைந்துபோகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நீயோ சபையின் பாயைக் காப்பாற்றினாய்!" அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

3. தண்ணீர் இருந்தது, துண்டு இருந்தது, எழுந்திருக்க ஆள் இல்லை

இப்போது யோவான் 13-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பந்தி ஆயத்தமாயிருந்தது. பாத்திரம், தண்ணீர், துண்டு எல்லாம் அங்கே இருந்தன. தூசியான கால்களும் இருந்தன. ஆனால் சீஷர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லூக்கா 22:24-ஐ வாசித்தால் காரணம் விளங்கும்: தங்களில் யார் பெரியவன் என்று அதே ராத்திரியில் அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. பெரியவன் யார் என்ற விவாதம் நடக்கிற வீட்டில் கால் கழுவ யார் எழுந்திருப்பார்கள்?

13:3-ஐக் கவனியுங்கள். தாம் எங்கேயிருந்து வந்தார், எங்கே போகிறார், பிதா தம் கையில் எதைக் கொடுத்திருக்கிறார் என்பதையெல்லாம் இயேசு அறிந்திருந்தார். அதை அறிந்தவராகவே துண்டை எடுத்தார். இதுதான் தாழ்மையின் இரகசியம். "நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்" என்று வாயினால் சொல்லிக்கொண்டிருப்பது தாழ்மை அல்ல; அதில்கூட நம்மைப் பற்றிய பேச்சுத்தான் இருக்கிறது. தன் ஸ்தானம் தேவனிடத்தில் பத்திரமாய் இருக்கிறது என்று அறிந்தவன், கீழே குனிய பயப்படமாட்டான். கண்டக்டர் என்ற பட்டம் போனதை மனதில் ஏற்றுக்கொள்ளாதவன்தான் பாய்க்குக் காவல் நிற்பான்.

இன்னொன்றையும் பாருங்கள். யூதாஸ் எழுந்து வெளியே போவது அதன்பிறகுதான். அப்படியானால் அவனுடைய கால்களும் அந்தக் கைகளால் கழுவப்பட்டன. நன்றியுள்ளவர்களுக்கு மட்டும் செய்வது ஊழியம் அல்ல, கொடுக்கல் வாங்கல்.

4. "என் காலைத் தொடாதீங்கய்யா"

மறுநாள் காலையில் அந்தத் தாயாரைத் தேடி லைனுக்குப் போனேன். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இவர்கள் தனியாக இருந்தார்கள். கதவைத் திறந்தவுடனே புண் வாடை. அட்டை கடித்த இடம் சீழ் வைத்து, பாதம் வீங்கியிருந்தது.

அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தேன். அதைப் பதமாக விளாவி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "கண்டக்டர் ஐயா, நீங்க என் காலைத் தொடாதீங்கய்யா. பாவம்யா." பேதுரு சொன்னதும் அதுதானே! அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அம்மா, சபையில அன்னைக்கு சத்தம் போட்டது தப்பு. எல்லார் முன்னாலயும் உங்களை அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

"அதை நான் அப்பவே மறந்துட்டேங்கய்யா" என்று சொல்லி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

குன்னூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் பரிசோதித்தால் சர்க்கரை மிகவும் கூடுதல். அதனால் பாதம் மரத்துப்போயிருக்கிறது என்றார்கள். சகோதரரே, கேளுங்கள்: அன்றைக்கு அட்டை கடித்ததும் அவர்களுக்குத் தெரியாது, ரத்தம் வழிந்ததும் தெரியாது, சேறு ஒட்டியிருந்ததும் தெரியாது. வேண்டுமென்றே கழுவாமல் வந்தார்கள் என்று நான் நியாயந்தீர்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காலை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, நடுங்கிப்போனேன்.

5. வெட்கத்தைச் சுமப்பது

புண் ஆறும் வரைக்கும் அவர்களுடைய ரேஷன் அரிசியை நான் வாங்கிக் கொடுத்தேன். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு லைன் வழியே நடந்தபோது, முன்பு என் கீழே வேலை செய்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாய் இருந்தது.

அப்போது ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை ஞாபகத்துக்கு வந்தது. 1895-ல் இந்தியாவுக்கு வந்து, பின்பு டோனாவூரில் பிள்ளைகளுக்காகவே தம் ஜீவியத்தைச் செலவிட்டவர்கள். வாலிபப் பிராயத்தில், பெல்பாஸ்ட் பட்டணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பும்போது, பாரம் சுமந்து வந்த ஏழைக் கிழவிக்கு அவர்களும் தம்பிமாரும் உதவினார்கள். எதிரே வந்த கனவான்கள் பார்க்கிறார்களே என்று முகம் சிவந்துபோனது. அந்த வழியிலேதான், எது அக்கினியில் நிலைக்கும் வேலை என்று சொல்லும் 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரம் அவர்கள் உள்ளத்தில் பேசிற்று. அவர்கள் பாதையே மாறிற்று.

பார்க்கிறவர்களுக்கு முன்பாக வெட்கப்படுவது பாவம் அல்ல. வெட்கப்பட்டு மூட்டையைக் கீழே போடாதிருப்பதுதான் தாழ்மை.

6. பந்தி விசாரிக்கவும் ஆவியின் நிறைவு வேண்டும்

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், விதவைகளுக்குச் சாப்பாடு சரியாய்ப் பரிமாற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். அதற்கு என்ன தகுதி கேட்டார்கள்? நற்சாட்சியும், பரிசுத்த ஆவியின் நிறைவும், ஞானமும். பிரசங்க மேடைக்கு மட்டும்தான் அபிஷேகம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஸ்தேவானும் பிலிப்பும் பந்தியில்தான் ஆரம்பித்தார்கள். உபவாசக் கூட்டம் முடிந்து ஐக்கிய விருந்து நடந்தபின், பெரிய அண்டாவைத் தேய்க்கிறவர் யார்? வருஷா வருஷம் அதே இரண்டு சகோதரிகள்தானே?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்து, நம் மாவட்டத்தில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் எல்லாரும் ஓடுவோம். மண் அள்ளி முடிந்து, பேப்பர்க்காரர்கள் போனபின், அந்த வீட்டு வாசலை மறுபடியும் மிதிக்கிறவன் யார்? அங்கேதான் ஊழியம் தொடங்குகிறது.

ஆகையால் இந்த வாரத்தில் நாம் செய்யவேண்டியவை:

அ) உங்கள் லைனில், தெருவில் தனியாயிருக்கும் முதியோர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். ஜெபித்துவிட்டு உடனே எழும்பாமல், என்ன தேவை என்று கேளுங்கள்.

ஆ) சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தைத் தினமும் பார்த்துக் கழுவிவிடுங்கள், விரல் இடுக்கிலும் பாருங்கள். சூடு அவர்களுக்குத் தெரியாது, ஆகவே வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை உங்கள் கையால் பார்த்து ஊற்றுங்கள். புண் இருந்தால் எண்ணெய் போட்டு ஜெபித்ததோடு நிறுத்தாமல், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள்.

இ) யாரையாவது எல்லார் முன்பாகவும் கடிந்து பேசியிருந்தால், தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டதோடு விடாதீர்கள். எல்லார் முன்பாகவும் கேளுங்கள்.

இந்த மூன்றாவதை நான் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். 2022 ஜனவரியில் சாட்சி நேரத்தில் எழுந்து, அந்தத் தாயாரைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தலையை அசைத்தார்கள்.

இப்போது அவர்கள் தவறாமல் ஆராதனைக்கு வருகிறார்கள். ஆனால் உள்ளே வந்து பாயில் உட்காருங்கள் என்று எத்தனை பேர் அழைத்தாலும், இன்றைக்கும் கதவோரம்தான் உட்காருகிறார்கள். நான் பேசிய ஒரு வார்த்தை அவர்களை அங்கே உட்காரவைத்திருக்கிறது. அதனால் என் இடத்தையும் மாற்றிக்கொண்டேன். மழைக்காலத்தில் கதவுக்குப் பக்கத்தில், கையில் ஒரு துண்டோடு நிற்கிற கிழவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேற்றோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதே இப்போது என் ஊழியம். தேவனுக்கே மகிமை!

ஜெபம்: பந்தியைவிட்டு எழுந்து துண்டைக் கட்டிக்கொண்ட ஆண்டவரே, எங்கள் குரலிலும் நடையிலும் இருக்கிற பெருமையைக் கழுவியருளும். நீர் தொட்ட பாதங்களைத் தொட எங்களுக்கும் கிருபை தாரும். ஆமென்.