நோயறி சோதனைகளும் அவற்றின் பயனும்

உடம்பு நோயுற்றால் மருந்து வேண்டும் என்பதை யாவரும் அறிவர். மருந்திற்கு முன்னே அந்நோய் இன்னதென்று துணியப்படல் வேண்டும் என்பதையோ பலர் மறந்துவிடுகின்றனர். காய்ச்சல் என்பது தனி நோயன்று. பல நோய்கட்குப் பொதுவாகிய அடையாளம். மலேரியாவிலும் அது காணும், டைபாய்டிலும் காணும், டெங்குவிலும் க்ஷயத்திலும் காணும். இந்நான்கிற்கும் சிகிச்சை வெவ்வேறாகும். அடையாளத்தை மாத்திரம் நோக்கி மருந்தளித்தல் இருட்டிற் கல்லெறிவதை ஒக்கும். அவ்விருளிற் பிடித்த விளக்குகளே நோயறி சோதனைகள். ஆயினும் ஒவ்வொரு விளக்கும் ஒரு மூலையையே காட்டவல்லது. வைத்தியசாலைகளில் வழக்கமாகச் செய்யப்பெறும் சில சோதனைகள் எவற்றைக் காட்டும், எவற்றைக் காட்டா என்பதை இங்கே ஆராய்வோம்.

நோயாளியைச் சோதித்தறியும் முறை புதியதன்று. நம் சித்த வைத்தியர் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டினைத் தேர்ந்து நோயைக் கணித்தனர். இனிப்பான சிறுநீர் கழியும் நோய்க்கு மதுமேகம் என்று முன்னோர் பெயரிட்டதே அவர்தம் கூர்மைக்குச் சான்றாகும். 1776-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய மாத்யூ டாப்ஸன், அத்தகைய நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சி நின்றது சர்க்கரையே எனக் காட்டினார். 1816-இல் பாரிஸ் நகரத்து லென்னெக், இளநங்கை ஒருத்தியின் மார்பிற் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே இருதய ஒலியைக் கேட்டார். ஒலி முன்னிலும் தெளிவாயிருந்தது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த வரலாறு இதுவே.

இரத்த சோதனைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது. ஒரு டெசிலிட்டரில் அது ஆடவர்க்கு 13 கிராமுக்கும், கருவுறாத மகளிர்க்கு 12 கிராமுக்கும் குறையுமாயின் இரத்தசோகை எனப்படும். இச்சோதனை குறைவைச் சொல்லுமேயன்றி, குறைவுக்குக் காரணம் உணவோ, புழுவோ, உள்ளே மறைவாக ஒழுகும் இரத்தமோ என்பதைச் சொல்லாது. நீரிழிவை அறிய, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரையை அளப்பர்; அது 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்டு, மறுமுறையும் அவ்வாறே காணின் நீரிழிவு என்று துணிவர். ஆனால் அவ்வளவு அந்நேரத்து நிலையையே காட்டும். சோதனைக்கு முன்னிரு நாள் மாத்திரம் பத்தியங் காத்து வைத்தியரை ஏமாற்றுவாரும் உளர். அவர்களைக் காட்டிக்கொடுப்பது எச்.பி.ஏ.1சி என்னும் சோதனை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அந்நாள்களில் அதன்மேற் படிந்த சர்க்கரையை இச்சோதனை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலை வெளியாகும்.

சோதனையைச் செய்யும் காலமும் கருதற்பாலது. டெங்குக் காய்ச்சலின் முதற் சில நாள்களில், என்.எஸ்.1 என்னும் கிருமிப்பொருளை இரத்தத்திற் காணலாம். நோயை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள்களோ ஏறத்தாழ ஐந்தாம் நாளை ஒட்டியே தோன்றத் தொடங்கும். இரண்டாம் நாளில் இப்பிந்திய பொருளைத் தேடி, இல்லையெனக் கண்டு மகிழ்வது, விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து விளைவில்லை என்பதை ஒக்கும்.

இனி மார்பு நோய்களை நோக்குவோம். 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்கென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர் நுரையீரலில் உள்ள நிழலைக் காட்டும். ஆனால் நிழலுக்குப் பெயர் சொல்லாது. க்ஷயமும் நிழலிடும், நிமோனியாவும் நிழலிடும், புற்றுநோயும் நிழலிடும். 1882-இல் ராபர்ட் காக் வெளிப்படுத்திய க்ஷயக் கிருமியைக் கோழையிலே கண்டால், நிழலுக்குப் பெயர் கிடைத்துவிடும். 2010-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட ஒரு முறையால், கிருமி உண்டா என்பதோடு, அது ரிபாம்பிசின் என்னும் மருந்திற்குக் கட்டுப்படுமா என்பதையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அறியலாகும். ஆகவே இரண்டு வாரம் நீடித்த இருமலை ஊரார் அறிவரே என்று மறைப்பவர், தமக்கு மாத்திரமன்றி, தம்முடன் ஓரறையிற் படுப்பவர்க்கும் தீங்கிழைக்கின்றனர்.

இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. முறையைச் செம்மைப்படுத்தியவர் ஹாலந்து தேசத்து ஐந்தோவன். அதன் பொருட்டு 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மாரடைப்பின் தொடக்கத்தில் முதற் பதிவு செவ்வையாகவே தோன்றுதலும் உண்டு. இருதயத் தசை சிதைவுறின் இரத்தத்தில் மிகும் ட்ரோபோனின் என்னும் பொருளும் வெளிப்படச் சில மணி நேரம் செல்லும். நெஞ்சுவலியோடு வந்தவரை வைத்தியர் இருத்திவைத்து மறுபடியும் சோதிப்பது இதனாலேயாம். "படம் நன்றாயிருக்கின்றது" என்று அவர் சொல் கேளாது வீடு திரும்புவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

அங்ஙனமாயின், நோயின் குறி ஒன்றுமில்லாதாரும் எல்லாச் சோதனைகளையும் செய்துகொள்வதே நலம் அன்றோ எனின், ஒரு கணக்கால் விடை காண்போம். 1,000 பேரில் 10 பேர்க்கு மாத்திரம் ஒரு நோய் உளதெனக் கொள்க. நோயுள்ளார் பத்துப்பேரில் ஒன்பதின்மரைச் சோதனை சரியாகக் காட்டும்; நோயில்லாதார் பத்துப்பேரில் ஒருவரைத் தவறாக நோயாளி என்னும் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளாரில் 9 பேரும், நோயற்ற 990 பேரில் 99 பேரும், ஆக 108 பேர் நோயாளிகள் எனப்படுவர். அவர்களுள் மெய்யாக நோயுள்ளவர் பன்னிருவரில் ஒருவரே. இனி, நோயின் குறிகளோடு வந்த 1,000 பேரில் 500 பேர்க்கு அந்நோய் உளதாயின், அதே சோதனை 450 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் சுட்டும். பத்தில் ஒன்பது மெய்யாகும். சோதனை ஒன்றே, கேட்கப்பட்ட இடம் வேறு. முன்னைய கூட்டத்தில் தவறாகச் சுட்டப்பட்ட 99 பேர் அடையும் அச்சமும், வீணாகும் பொருளும் சிறியன அல்ல. குறி தோன்றாமுன்னே தேடத்தக்க நோய்களும் உண்டு. நடுவயதினர்க்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் அத்தகையன. அவற்றை வயதும் குடும்ப வரலாறும் நோக்கி வைத்தியர் தேர்ந்து சொல்வர்.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், சோதனை என்பது ஒரு வினாவிற்கு விடையே என்பதாம். வினாவை அறியாதார் கையில் விடைத்தாள் பொருளற்றது. அச்சத்தாற் சோதனையை மறுத்தலும் தவறு; ஆசையாற் சோதனைகளை விலைக்கு வாங்கிக் குவித்தலும் தவறு; தாளிலுள்ள எண்ணைத் தாமே படித்து, தம்மை நோயாளி என்றோ நோயற்றவர் என்றோ தீர்ப்பளித்துக்கொள்ளுதல் இரண்டினும் பெருந்தவறு. ஆகவே நம் மாணாக்கர், சோதனை எழுதித் தரப்பெறும்போது வைத்தியரைப் பணிவுடன் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுதல் நன்று: இதனால் நீங்கள் அறிய விரும்புவது யாது? நோய் உண்டெனக் காட்டின் அடுத்துச் செய்வது யாது? இல்லையெனக் காட்டினும் துன்பம் நீடித்தால் எப்பொழுது மீண்டும் வரவேண்டும்? இம்மூன்றிற்கும் விடையறிந்து செய்துகொள்ளும் சோதனையே பயனுடைய சோதனையாகும்.