எண்ணெய் இஞ்சினில் எரிபொருளைத் துளியாக்கும் முறை

கிணற்றையும் ஓடையையும் நம்பிப் பயிர் செய்யும் குடியானவர்களுள் டீஸல் இஞ்சின் வைத்திருப்போர் பலர். மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் பயிரைக் காப்பது அவ்விஞ்சினே. நெற்பயிர் கதிர் வாங்கும் தருணத்தில் நாலு நாள் தண்ணீர் தவறினால், அதுவரை இட்ட எருவும் பட்ட பாடும் பாழாகும். ஆயினும், இஞ்சின் கரும்புகை கக்கினாலும், வழக்கத்திற்கு மிஞ்சி எண்ணெய் குடித்தாலும், அதனைப் பெரிதாகக் கருதாமல் ஓட்டிக்கொண்டே போவது பலரிடம் காணப்படும் வழக்கம். இத்தகைய கோளாறு பல சமயங்களில் எண்ணெயைத் துளியாக்கித் தூவும் உறுப்பிலேயே இருக்கின்றது. அவ்வுறுப்பு செய்யும் வேலை எத்தகையது, அவ்வேலையை முற்காலத்தில் அமுக்கிய காற்றைக்கொண்டு எவ்வாறு செய்தனர், இக்காலத்தில் எவ்வாறு செய்கின்றனர் என்பவற்றை அறிந்தால், அதனைப் பேணும் வழியும் தானே விளங்கும்.

எண்ணெய் துளியாக வேண்டுவது ஏன்?

பெரிய விறகுக் கட்டையை அடுப்பில் வைத்தால் அது எளிதில் பற்றுவதில்லை. அதே கட்டையைச் சிறாய்களாகப் பிளந்து வைத்தால் உடனே பற்றி எரிகின்றது. கட்டை ஒன்றேயாயினும், பிளந்தபின் காற்றுப் படும் பரப்பு அதிகமாகின்றது. எண்ணெயின் செய்கையும் இவ்வாறானதே. ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளியை, அதில் ஐம்பதில் ஒரு பங்கு குறுக்களவுள்ள நுண்துளிகளாக உடைத்தால் 1,25,000 துளிகள் கிடைக்கும். எண்ணெயின் அளவு மாறாது. ஆனால் காற்றுப் படும் பரப்பு 50 மடங்காகும்.

இஞ்சினுக்குள் இதற்குக் கிடைக்கும் அவகாசமோ மிகச் சிறிது. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றும் 5 குதிரைச் சக்தியுள்ள ஓர் இஞ்சின், முழுப் பளுவில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியாக எண்ணெய் செலவழிக்கும். ஒவ்வொரு தடவையும் அதன் ஸிலிண்டருக்குள் செல்வது மருந்துக் குழாயிலிருந்து விழும் துளியில் ஏறக்குறையப் பாதி. அத்துணைச் சிறு அளவு எண்ணெய், ஒரு விநாடியில் சுமார் நானூற்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் உட்புகுந்து, பனிபோற் பரவி, காற்றோடு கலந்து எரிய வேண்டும். துளி பெரிதாயின் அதன் மேற்புறம் மட்டும் எரிந்து, உட்புறம் கரியாகிப் புகையுடன் வெளியேறும். புகைபோக்கியிற் காணும் கரும்புகை, குடியானவர் விலை கொடுத்து வாங்கிய எண்ணெயேயாம்.

டீஸல் கண்ட வழி

ருடால்ப் டீஸல் என்பார் 1858-இல் பாரிஸ் நகரிற் பிறந்த ஜெர்மானிய இஞ்சினீயர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை விரைவாக அமுக்கினால் அது உஷ்ணமடையும் என்னும் இந்த உண்மையையே அவர் ஆதாரமாகக் கொண்டார். ஸிலிண்டரிலுள்ள காற்றை முப்பது வாயுமண்டலத்திற்கு மேற்பட்ட அமுக்கத்திற்குக் கொண்டுசென்றால், அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடைக் கடக்கும். அப்போது எண்ணெயைத் தூவினால் வேறு நெருப்பின்றி அது தானே பற்றிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. (ஒரு வாயுமண்டல அமுக்கம் என்பது சதுர அங்குலத்திற்குச் சுமார் 15 ராத்தல்.) 1892-இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார். 1893-இல் ஆக்ஸ்பர்க் நகரிலுள்ள தொழிற்சாலையில் முதற் பரீட்சை நடந்தது. நான்கு ஆண்டு இடைவிடாத முயற்சிக்குப்பின், 1897-இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் பரிசோதித்தபோது, எண்ணெயிலுள்ள உஷ்ண சக்தியில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறுவது கண்டறியப்பட்டது. அக்காலத்து நீராவி இஞ்சின்களில் பெரும்பாலானவை இதிற் பாதியளவையும் எட்டவில்லை.

அந்நான்கு ஆண்டுகளில் அவரைப் பெரிதும் வாட்டிய சங்கடங்களுள் ஒன்று எண்ணெயை உட்செலுத்துவதே. ஸிலிண்டரில் முப்பது வாயுமண்டல அமுக்கம் எதிர்த்து நிற்கும்போது, அரைத்துளி எண்ணெயைத் தக்க நொடியில் அளந்து நுண்ணியதாகத் தூவவல்ல பம்பை அக்காலத்துப் பட்டறைகள் செய்ய இயலவில்லை. ஆகவே அவர் அமுக்கிய காற்றின் துணையை நாடினார். இஞ்சினோடு இணைந்த கம்ப்ரஸர் ஒன்று, காற்றைச் சுமார் 60 முதல் 70 வாயுமண்டல அமுக்கத்திற்கு அமுக்கி எஃகுக் குப்பிகளில் நிறைத்து வைக்கும். ஸிலிண்டரின் தலையில் ஊசி போன்ற ஒரு வால்வும், அதனைச் சுற்றித் துளையிட்ட வில்லைகள் சிலவும் இருக்கும். பம்பு எண்ணெயை அளந்து அவ்வில்லைகளின்மேல் முன்னதாகவே சேர்த்துவிடும். உரிய நொடியில் ஊசி வால்வு உயர்ந்தவுடன், குப்பியிலிருந்து வரும் காற்று அவ்வெண்ணெயை வாரிக்கொண்டு, துளைகளின் வழியே நெருக்கி உடைத்து, ஸிலிண்டருக்குள் மூடுபனிபோல் வீசும்.

முதுகிற் சுமந்து பூச்சிமருந்து தெளிக்கும் விசைத் தெளிப்பானைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதில் மருந்து மெல்லிய ஒழுக்காக வந்து விழுகின்றது; அதனை நுண்துளியாக்குவது விசிறியிலிருந்து வேகமாக வரும் காற்றே. காற்றின் அமுக்கத்தில் பெரும் வேற்றுமை இருப்பினும், இரண்டும் ஒரே தத்துவத்தைச் சார்ந்தவை.

இம்முறையால் விளைந்த நன்மை பெரிது. தடித்த எண்ணெயையும் காற்று உடைத்துவிடுவதால், மட்டமான கனத்த எண்ணெய்களும் எரிபொருளாயின. 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை இஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டப்பட்டது. 1912-இல் கோபன்ஹேகன் நகரிற் கட்டப்பட்ட ‘ஸெலாண்டியா’ என்னும் கப்பல், காற்றினால் எண்ணெய் தூவும் டீஸல் இஞ்சின்களைக்கொண்டே தூர தேசக் கடல்களைக் கடந்தது.

அம்முறையின் குறைகள்

எனினும் அது பெரிய இஞ்சின்களுக்கே ஏற்றதாயிருந்தது. கம்ப்ரஸர் காற்றை இரண்டு மூன்று படிகளில் அமுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே தண்ணீரால் குளிர்விக்க வேண்டும். இஞ்சின் உண்டாக்கும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரையில் கம்ப்ரஸருக்கே செலவாயிற்று. பளு குறையும்போது காற்றின் அமுக்கத்தையும் குறைக்க வேண்டும். இல்லையேல், விரிந்து குளிரும் காற்று மிகுதியாகப் புகுந்து, எண்ணெய் பற்றாமற் போகும். கம்ப்ரஸரின் மசகெண்ணெய் காற்றோடு கலந்து குழாய்களில் வெடித்து ஆபத்து விளைவிக்கவும் கூடும். இத்தனை பரிவாரத்தையும் ஐந்து குதிரைச் சக்தியுள்ள ஒரு கிணற்று இஞ்சின் சுமப்பது எங்ஙனம்?

காற்றின்றித் தூவும் முறை

ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயர் 1890-இலேயே வேறொரு வழி கண்டிருந்தார். விளக்கினால் பழுக்கக் காய்ச்சிய ஒரு குமிழுக்குள் எண்ணெயைச் சிறிய பம்பினால் செலுத்தினால், அது சுட்ட சுவரில் ஆவியாகி எரியும். நுண்ணிய துளி அதற்கு வேண்டியதில்லை. ஆனால் சிக்கனத்தில் அது டீஸல் இஞ்சினுக்கு ஈடாகவில்லை. பின்னர் 1909-இல் ஜெர்மனியில் பிராஸ்பர் லொராஞ்ச் என்பார் ஸிலிண்டரோடு சேர்ந்த சிறு முன்னறை ஒன்றில் எண்ணெயைத் தூவும் முறைக்கும், 1910-இல் இங்கிலாந்தில் விக்கர்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் மக்கெக்னி காற்றின் உதவியின்றி மிகுந்த அமுக்கத்தினாலேயே தூவும் முறைக்கும் காப்புரிமை பெற்றனர். 1927-இல் ராபர்ட் பாஷின் தொழிற்சாலை எண்ணெய்ப் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. அதன்பின் காற்றினால் தூவும் டீஸல் இஞ்சின்கள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. வேகமாக ஓடும் சிறிய டீஸல் இஞ்சின்கள் கிணற்றடிக்கு வருவதற்கு இதுவே வழிகோலியது. பிற்காலத்தில், 1990-களில், ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் கம்பெனியின் முறைப்படி, படகுகளில் மாட்டும் பெட்ரோல் இஞ்சின்களில் ஆறேழு வாயுமண்டலக் காற்றைக்கொண்டு எரிபொருளைத் தூவும் வழக்கம் மீண்டும் தோன்றியது.

இக்காலத்துக் கிணற்று இஞ்சினில், பம்பு எண்ணெயைச் சுமார் 200 வாயுமண்டல அமுக்கத்திற்கு, அதாவது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 3,000 ராத்தலுக்கு, உயர்த்துகின்றது. அந்நிலையில் நாஸிலின் ஊசி எழும்ப, தலைமயிரை விடச் சில மடங்கே பெரிய துளைகளின் வழியே எண்ணெய் பீறிட்டு, எதிர்ப்படும் காற்றில் மோதித் தானே உடைகின்றது. முன்பு காற்று செய்த வேலையை இப்போது அமுக்கமும் துளையின் நுண்மையுமே செய்கின்றன. பம்பின் தண்டிற்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனிற் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் தூசியும் தண்ணீரும் கலந்த எண்ணெய் இதற்கு விஷமாகும்.

காற்று இப்பொழுது பகையாவது

முன்னாளில் எண்ணெயைச் சுமந்து சென்ற காற்று, இந்நாளில் எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு குமிழளவு இருந்தாலும் இஞ்சின் கிளம்பாது. எண்ணெய் அமுங்குவது மிகச் சொற்பம். காற்றோ எளிதில் அமுங்கும். பம்புத் தண்டு தள்ளும்போது குமிழ் சுருங்கிக் கொடுப்பதால், நாஸிலைத் திறக்கும் அமுக்கம் உண்டாவதில்லை. டாங்கி வற்ற ஓட்டியபின் எண்ணெய் ஊற்றியும் இஞ்சின் கிளம்பாதிருப்பதற்குக் காரணம் இதுவே. இதற்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் களைப்பது வீண். வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள காற்றுத் திருகுகளை வரிசையாகத் தளர்த்தி, குமிழின்றி எண்ணெய் மட்டும் வழியும்வரை விட்டு, மீண்டும் முடுக்க வேண்டும். டாங்கியை ஒருபோதும் வற்ற விடாதிருப்பது அதனினும் நன்று.

கவனிக்க வேண்டியவை

1. எண்ணெயைப் பீப்பாயில் அசையாமல் வைத்து, அடிமண்டியை விட்டு மேலெண்ணெயை மட்டும் எடுத்து, சுத்தமான புனலும் வடிகட்டியும் கொண்டு ஊற்றவும். வடிகட்டியை, இஞ்சினுடன் வந்த புத்தகத்திற் கண்ட மணிக்கணக்குப்படி மாற்றவும்.

2. பளு மிகாமலும், காற்று வடிகட்டி அடையாமலும் இருக்கும்போது கரும்புகை தோன்றினாலும், இஞ்சின் விட்டு விட்டு அடித்தாலும், தட்டும் ஓசை எழுந்தாலும், நாஸிலைக் கழற்றிப் பரிசோதனைப் பம்பு வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுசெல்லவும். நல்ல நாஸில் எல்லாத் துளைகளிலும் ஒரே சீராகப் பனிபோல் தூவும். தூவி நின்றபின் நுனியிற் சொட்டாது. நூல்போல் ஒழுகுவதும் நுனி நனைந்திருப்பதும் கெட்ட நாஸிலின் அடையாளம்.

3. நாஸிலின் துளையை எஃகுக் கம்பியாலோ ஊசியாலோ குத்தலாகாது. துளை சிறிது அகன்றாலும் துளி பெரிதாகும்.

4. அன்று இஞ்சின் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டதென்று, இன்று எவரும் தாவர எண்ணெயை அப்படியே ஊற்றலாகாது. அதன் தடிப்பு டீஸல் எண்ணெயினும் ஏறக்குறையப் பத்து மடங்கு. காற்று உடைத்த அவ்வெண்ணெயை இக்காலத்து நாஸில் நன்கு உடைப்பதில்லை. நாளடைவில் நாஸிலில் கரி கட்டும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்.

5. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நாஸில் தூவும்போது அதன் முன் விரலையோ கையையோ நீட்டலாகாது. அவ்வேகத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வெளியே முள் குத்தியதுபோல் ஒரு புள்ளியே தெரியும். முதலில் வலியும் அதிகமிராது. அதனை அலட்சியம் செய்து மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று இருந்தவர்கள் விரலையும் கையையும் இழந்ததுண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, அமுக்கத்தில் வந்த டீஸல் எண்ணெய் உட்புகுந்தது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டிற் சிறுவர்கள் பரிசோதனையை வேடிக்கை பார்க்க நெருங்கவிடக் கூடாது.

6. அமுக்கிய காற்றினாற் கிளப்பும் பெரிய இஞ்சின்களில், காற்றுக் குப்பிக்குப் பதிலாக ஆக்ஸிஜன் குப்பியை எக்காரணத்தைக் கொண்டும் இணைக்கலாகாது. எண்ணெயும் ஆக்ஸிஜனும் கலந்தால் இஞ்சின் வெடித்து அருகிலிருப்போரின் உயிர் போகும்.

அறுவடைக்குப்பின் இஞ்சினுக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களே நாஸிலையும் வடிகட்டியையும் சோதிக்க ஏற்ற காலம். அப்போது ஆகும் சொற்பச் செலவு, அடுத்த போகத்தில் மிச்சப்படும் எண்ணெயினாலேயே ஈடாகிவிடும். கதிர் வாங்கும் தருணத்தில் பயிருக்குத் தண்ணீரும் தவறாது.