பின்னச்சும் அதிர்வடக்கியும்

அமெரிக்க நாட்டில் 1947-ஆம் ஆண்டு வெளிப்போந்த செவ்ரோலே 3100 என்னும் சிறு சுமைவண்டியைப் புதுப்பிப்போர், இக்காலச் சாலை வேகத்திற்கேற்ப வேறொரு பின்னச்சைப் பொருத்துவதுண்டு. அப்போது ஷாக் அப்சார்பர் எனும் அதிர்வடக்கிக்குப் புதிய இடம் வகுத்தல் வேண்டும்.

வண்டியைச் சுமப்பது வில்தகடு. அவ்வில்லின் துள்ளலை எண்ணெயின் தடையால் வெப்பமாக்கி ஒடுக்குவது அதிர்வடக்கி. அது செங்குத்தினின்று 30 பாகை சாயின் அதன் ஆற்றல் ஏறக்குறைய முக்காலாகும்; 45 பாகை சாயின் பாதியே எஞ்சும். சாய்வினால் அதன் ஓட்டமும் குறைகிறது. அவ்வோட்டத்தாற் பிறக்கும் விசையிலும் ஒரு கூறே துள்ளலை எதிர்க்கிறது. இங்ஙனம் இழப்பு இருமுறை நேர்கின்றது. ஆதலின் இயன்றவரை நிமிர்த்தியும், சக்கரங்களுக்கு அணித்தாகவும் அதனை அமைத்தல் நலம்.

வண்டி தன் எடையுடன் தரையில் நிற்கையில், அதிர்வடக்கி தன் நீட்சியின் நடுவளவில் இருத்தல் வேண்டும். அது முற்றும் ஒடுங்குமுன் அச்சு ரப்பர்த் தடுப்பில் முட்டுதல் வேண்டும். இன்றேல் தண்டு வளையும், பிடி முறியும்.

சுமையற்ற வண்டியின் பின்புறம் இலேசானது. சக்கரம் தரைவிட்டுத் துள்ளுங்கால் பிரேக்கினாற் பயனில்லை. ஆங்கு ஓட்டுவோன் உயிரே ஊசலாடும். ஆகவே, பிடிகளைப் பற்றவைக்குமுன் அளந்தறிதல் தொழிலாளன் கடனாம்.