கம்பியில்லா உணரி வலைகளில் பல அலைவரிசைகளைப் பங்கிடும் முறை

கேரளத்தில் மூணாற்றுக்கு அருகே, அந்தோணியார் காலனியின் மலைச்சரிவில், நிலச்சரிவை முன்கூட்டி அறியும் பொருட்டு அமிர்தா விசுவ வித்யாபீடம் அமைத்த உணரி வலை 2009-ஆம் ஆண்டில் இயங்கியது. மண்ணினுள் ஏறும் நீரழுத்தம் முதலியவற்றை உணரிகள் அளக்க, கம்பியில்லாக் கணுக்கள் அவ்வளவுகளை அனுப்பின. இத்தகைய வலையில் பெருமழையின்போதுதான் செய்திகள் மிகும். அவை தவறாது சேரவேண்டிய வேளையும் அதுவே.

எல்லாக் கணுக்களும் ஒரே அலைவரிசையில் பேசினால், ஒரே சமயத்தில் எழும் இரு செய்திகள் மோதி அழியும். அனுப்புமுன் செவிகொடுத்துக் கேட்பது வழக்கமான காப்பு. ஆயினும் மேட்டின் இருபுறத்துக் கணுக்கள் ஒன்றையொன்று கேளா. இரண்டும் பேச, இடையிலுள்ள கணுவிடம் மோதல் நேரும். மேலும், கேட்பதும் செலவே. இவ்வகைக் கணுக்களில் பெரிதும் பயன்பட்ட ஒரு வானொலிச் சில்லு, அனுப்பும்போது 17 மில்லி ஆம்பியரும், கேட்கும்போது 19 மில்லி ஆம்பியரும் ஏறத்தாழ உண்ணும். வீணே கேட்டுக்கொண்டிருக்கும் கணுவின் மின்கலம் விரைவில் தீரும்.

2003-ஆம் ஆண்டில் வெளியான 802.15.4 என்னும் தரவிதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 26 வரை எண்ணிட்ட 16 அலைவரிசைகளை வகுத்தது. அவற்றைப் பகிர்ந்துகொண்டால் அருகருகேயுள்ள பல இணைகள் மோதலின்றி ஒருங்கே பேசலாம். ஆனால் கணுவுக்குள்ள வானொலி ஒன்றே; அது ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையையே கேட்கும். ஆகவே பேசுவோனும் கேட்போனும் குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் சந்திப்பது எவ்வாறு என்பதே இத்துறையின் மூல வினா.

இதற்கு விடைகள் இரண்டு. முதலாவது, ஒவ்வொரு கணுவும் தான் கேட்கும் அலைவரிசையை நிலையாக வைத்துக்கொள்வது; அனுப்புவோர் அங்கே சென்று பேசுவர். இது எளிது. ஆயினும் அவ்வரிசையில் இரைச்சல் மிகுந்தால் அக்கணு செவிடாகும்.

இரண்டாவது, 2012-ஆம் ஆண்டின் திருத்தம் வகுத்த தாவல் முறை. இதில் காலம் சிறு கூறுகளாகப் பகுக்கப்படும். ஒரு கூறு பெரும்பாலும் 10 மில்லி செகண்டு. கூறின் தொடரெண்ணோடு இணைக்குரிய விலக்கெண்ணைக் கூட்டி, 16-ஆல் வகுத்து வரும் மீதியே அலைவரிசையைக் காட்டும். சான்றாக, கூறு 100, விலக்கெண் 3 எனின், 103-இன் மீதி 7. அலைவரிசைகளை 11 முதல் வரிசையாக அடுக்கினால், இணை சந்திப்பது 18-இல். சுற்றொன்றுக்கு 101 கூறுகள் எனின், அடுத்த சந்திப்பு 201-ஆம் கூறில். மீதி 12, அலைவரிசை 23. ஓர் அலைவரிசையில் தவறிய செய்தி வேறொன்றில் மீண்டும் அனுப்பப்படும். தமக்குரிய கூறுகளன்றி மற்ற வேளைகளில் கணுக்கள் உறங்கலாம்.

இம்முறைக்குக் கடிகார ஒற்றுமை இன்றியமையாதது. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள இரு கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் விலகினால், 25 செகண்டில் 1 மில்லி செகண்டு வேறுபடும். ஆதலின் கணுக்கள் அடிக்கடி நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

களப்பணியாளர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம். ஒன்று: எல்லாச் செய்திகளையும் ஏற்கும் தலைமைக் கணுவுக்கும் வானொலி ஒன்றேயாயின், 10 மில்லி செகண்டுக்கு ஒன்றாக, செகண்டுக்கு 100 செய்திகளுக்கு மேல் அது பெறாது, அலைவரிசைகளைப் பெருக்கினும் இவ்வெல்லை மாறாது. மற்றொன்று: அருகில் வைஃபை நிலையங்கள் 1, 6, 11 ஆகிய தம் அலைவரிசைகளில் இயங்கினால், உணரி வலைக்குரிய 15, 20, 25, 26 ஆகியவை பெரும்பாலும் தொல்லையின்றி இருக்கும்.

ஆசிரியர்கள் இதனை மீதிக் கணக்காகவே கற்பிக்கலாம். மேற்கண்ட சான்றில் சுற்றை 101-க்குப் பதிலாக 96 கூறுகளாக்கி, அடுத்துவரும் சந்திப்புகளை மாணவர் கணக்கிடட்டும். 96 என்பது 16-இன் மடங்கு. ஆதலால் மீதி ஒவ்வொரு முறையும் 7 ஆகவே வரும், இணை 18-ஆம் அலைவரிசையை விட்டு நீங்காது. 101-க்கும் 16-க்கும் 1 தவிரப் பொதுக்காரணி இல்லாமையால், அச்சுற்றில் 16 அலைவரிசைகளும் முறையே வந்துபோகும். சுற்றின் நீளத்தைத் தவறாகத் தேர்ந்தால் தாவல் முறை பெயரளவிலேயே நிற்கும் என்பதை மாணவர் தாமே காண்பர்.