பிடித்த கலைஞரிடம் எதைக் கடன் வாங்கலாம்?

கொல்கத்தாவில் புகைப்படக் கலை படிக்கும் எனக்கு, எடிட்டிங்கில் பாதிப் பாடம் மற்றவர்களின் படங்களிலிருந்துதான் கிடைத்தது. நமக்குப் பிடித்தவரின் பாணி நம் கைக்கு வருவது இயல்பு, வரவும் வேண்டும். ஆனால் அவரிடமிருந்து எதை எடுக்கிறோம் என்பது முக்கியம். எனக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒளியைப் படியுங்கள்

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டார்கள். நிஜ முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கும். நிழல் அழுத்தமாக விழாது. அதற்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி வரச் செய்தார்.

வட கொல்கத்தாவின் பழைய முற்ற வீடுகளில் எடுத்த படங்களைத் திருத்தும்போது இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஒளி மென்மையானது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் அந்த வீட்டில் இல்லாத வெயில் படத்தில் வந்துவிடும். அதனால் ஒயிட் பேலன்ஸை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மித்ராவின் படம் கறுப்பு வெள்ளை, என்னுடையது வண்ணம். ஆனாலும் அவர் யோசித்த விதம் எனக்கு உதவுகிறது.

குருவின் கண் வேறு, நிறம் வேறு

ஜெய்ப்பூரில் பிறந்த புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999), அந்த ஊரைப் பற்றி பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் வெளியிட்ட புத்தகத்தைச் சிறுவயதிலேயே பார்த்தவர். 1966-இல் அவரை நேரில் சந்தித்து, வேலை செய்யும் விதத்தைக் கவனித்தவர். கூட்டத்துக்குள் நின்று சரியான கணத்தைப் பிடிப்பதை அவரிடம் கற்றார். ஆனால் அவருடைய கறுப்பு வெள்ளைப் பாணியை எடுத்துக்கொள்ளவில்லை. இந்திய வாழ்க்கையை வண்ணத்தில்தான் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1988-இல் வந்த அவருடைய கல்கத்தா புத்தகம் முழுக்க வண்ணம். தாக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரீசெட்டை மல்லிக் காட் பூச்சந்தையில் சோதியுங்கள்

ஹவுரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகத் துலுக்கச் சாமந்திச் சரங்கள், காளிக்கு உகந்த சிவப்புச் செம்பருத்தி, இடையே பச்சை இலைகள். சமூக ஊடகங்களில் பிரபலமான 'ஆரஞ்சு-டீல்' பிரீசெட்டை அந்தப் படத்தில் போட்டால் மஞ்சள் ஆரஞ்சின் பக்கம் நகர்கிறது. இரண்டு வகைச் சரங்களும் ஒரே நிறமாகிவிடும். இலைப் பச்சை வெளிறி, அன்று பறித்த பூ நேற்றைய பூவாகத் தெரியும். பூக்காரர் தரம் பிரித்து அடுக்கிய உழைப்பு படத்தில் காணாமல் போகிறது. பிரீசெட் வேண்டுமென்றால் அளவைப் பாதிக்கும் கீழே வையுங்கள். பிறகு மஞ்சளையும் பச்சையையும் தனித்தனியே மீட்டெடுங்கள்.

இருட்டை இருட்டாக விடுங்கள்

களிமண் சிலைகள் செய்யும் கொல்கத்தாவின் குமார்துலிப் பகுதியில், சிலைக்கூடங்களுக்குள் வெளிச்சம் பெரும்பாலும் வாசல் பக்கமிருந்துதான் வரும். பாதி காய்ந்த களிமண் முகத்தின் ஒரு கன்னம் மட்டும் துலங்கும். ஷேடோஸை முழுக்க ஏற்றினால் பின்னாலிருக்கும் வைக்கோல், மூங்கில் எல்லாம் தெரியும். ஆனால் முகம் தட்டையாகிவிடும். ராயின் படப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் படமெடுத்த நிமாய் கோஷ், ஃபிளாஷ் இல்லாமல் இருக்கும் ஒளியிலேயே எடுத்தவர். அவர் படங்களைப் பார்த்த பிறகு இருட்டை விரட்டத் தோன்றாது.

நான் கடைப்பிடிப்பவை

* ரா ஃபைலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, பிறர் பாணியைத் தனிப் பிரதியில் பழகுகிறேன்.
* பிடித்த படத்தை முடிந்தவரை புத்தகத்தில் பார்க்கிறேன். ஃபோன் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும்.
* ஒளி எந்தப் பக்கம், மிக இருண்ட இடம் எது, எந்த நிறம் முன்னால் நிற்கிறது என்று எழுதிவைக்கிறேன்.
* மஞ்சள் அம்பாசடர் டாக்சி, மனிதர்களின் தோல் போன்ற தெரிந்த நிறங்களை வைத்துச் சரிபார்க்கிறேன். யாருடைய தோலையும் வெளுப்பாக்குவதில்லை.
* முடித்த படத்தை மறுநாள் ஒருமுறை பார்த்த பிறகே வெளியிடுகிறேன்.

புதிதாகப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே ஒருவரைப் பின்பற்றாதீர்கள், பலரைப் படியுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்பதைப் படத்தோடு தயங்காமல் சொல்லுங்கள். அது நீங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை.