ஒரு துளி மருந்தும் ஒரு வகுத்தல் கணக்கும்

நாய் வளர்க்கும் வீடுகளில் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் அறியாதவர் இல்லை. இரண்டும் இரத்தம் குடிப்பவை. நோய்க் கிருமிகளையும் நாயின் உடலில் செலுத்தக்கூடியவை. இவற்றை ஒழிக்க, முதுகில் விடும் துளி மருந்துகள் இன்று வழக்கத்தில் உள்ளன. விரலளவு நீளமுள்ள சிறு பிளாஸ்டிக் குழாயில் மருந்து இருக்கும். நாயின் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே மயிரை விலக்கி, தோலின்மேல் அதைப் பிழிய வேண்டும். நாயின் நாக்கு எட்டாத இடம் அது.

பெரும்பாலான நாய்களுக்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் சில நாய்களுக்குத் தோல் சிவந்து அரிக்கிறது. சில வாந்தி எடுக்கின்றன. மிகச் சிலவற்றுக்கு உடல் நடுங்கி வலிப்பும் வருகிறது. ஒரே மருந்து ஒரு நாய்க்கு நன்மையும் மற்றொன்றுக்குத் தீமையும் செய்வது ஏன்? விடையின் பெரும்பகுதி, நீங்கள் அறிந்த கணக்கிலும் இயற்பியலிலும் இருக்கிறது.

துளி பரவுவது எப்படி?

தண்ணீர்ப் பரப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது மெல்லிய படலமாகப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். நாயின் தோலின்மேலும் இயற்கையான எண்ணெய்ப் படலம் உண்டு. மருந்து அந்தப் படலத்தில் கரைந்து, ஓரிரு நாட்களில் உடல் முழுதும் பரவுகிறது. ஃபிப்ரோனில் என்னும் மருந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, பல வாரங்கள் சிறிது சிறிதாக வெளிவருகிறது. மருந்து விடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டக் கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்கும். எண்ணெய்ப் படலம் போய்விட்டால் மருந்து பயணம் செய்யப் பாதை ஏது?

பூச்சி சாகிறது, நாய் பிழைக்கிறது

இம்மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. நரம்பில் செய்தி செல்வது மின்னூட்டம் பெற்ற அணுக்கள் நுண்ணிய வாயில்கள் வழியே உள்ளும் புறமும் பாய்வதால்தான். ஃபிப்ரோனில், குளோரைடு வாயில்களை அடைத்துவிடுகிறது. அது பூச்சியின் வாயிலில் இறுகப் பற்றிக்கொள்கிறது. நாயின் வாயிலில் அவ்வளவாகப் பற்றுவதில்லை.

பெர்மெத்ரின் என்னும் மருந்தோ சோடியம் வாயில்களை மூட விடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது. இங்கே ஓர் இயற்பியல் வியப்பு உண்டு. வெப்பநிலை குறையக் குறைய இம்மருந்தின் நச்சுத்தன்மை கூடுகிறது! பூச்சியின் உடல் சுற்றுப்புற வெப்பநிலையில் இருப்பது. நாயின் உடலோ 38 முதல் 39 பாகை செல்சியசில் இருப்பது. நாயைக் காக்கும் காரணங்களுள் இதுவும் ஒன்று. மற்றொன்று, மருந்தை விரைவில் சிதைத்து வெளியேற்றும் அதன் கல்லீரல்.

ஆகவே நாய்க்கும் பூச்சிக்கும் உள்ள வேறுபாடு அளவு வேறுபாடே. பூச்சியைக் கொல்லும் அளவு சிறியது. நாயைத் தாக்கும் அளவு பெரியது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நாயின் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

எடையால் வகுத்துப் பாருங்கள்

வழக்கத்திலுள்ள ஒரு வகை ஃபிப்ரோனில் துளியில், 1 மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் மருந்து இருக்கும். 20 முதல் 40 கிலோ எடையுள்ள நாய்க்கான குழாயில் 2.68 மில்லி லிட்டர். அதாவது 268 மில்லி கிராம். 40 கிலோ நாய்க்கு அதை விட்டால் கிலோவுக்கு 6.7 மில்லி கிராம் ஆகிறது. அதே குழாயைச் சிக்கனம் கருதியோ அறியாமலோ 4 கிலோ நாய்க்கு விட்டால்? கிலோவுக்கு 67 மில்லி கிராம்! சரியாகப் பத்து மடங்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா நீளங்களும் இரு மடங்கானால் பரப்பு 4 மடங்காகும். எடை 8 மடங்காகும். எனவே சிறிய உடலுக்குக் கிலோ ஒன்றுக்கு உரிய தோற்பரப்பு அதிகம். மருந்து நுழையும் வழியோ தோல்.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய துளி மருந்துகளைப் பற்றி 44,000-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து, 2010-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை சிறு தொல்லைகளே. ஆயினும் சில இறப்புகளும் இருந்தன. பெர்மெத்ரின், சைஃபெனோத்ரின் கலந்த மருந்துகளால் சிறிய இன நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. அளவுத் தவறும், நாய் மருந்தைப் பூனைக்கு இட்டதும் காரணங்களுள் சில. எடைக்குரிய அளவை உறையில் இன்னும் துல்லியமாகக் குறிக்கச் செய்வதென்று அந்த முகமை முடிவு செய்தது.

பூனை, சிறிய நாய் அன்று

பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான ஒரு வேதிவினை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாகவே நடக்கிறது. ஆதலால் நாய்க்கான பெர்மெத்ரின் துளி, பூனையின் உயிருக்கே ஆபத்து. மருந்திட்ட நாயுடன் ஒட்டிப் படுத்த பூனையும் பாதிக்கப்படலாம். இங்கே எடையால் வகுத்துப் பயனில்லை. பூனைக்கு அதைத் தரவே கூடாது.

அளவு சரியாக இருந்தும் சில நாய்களுக்குத் தீங்கு நேர்வதுண்டு. ஐசாக்சசோலின் என்னும் புதிய மருந்து வகையால், முன்பு வலிப்பே வராத நாய்களுக்கும் வலிப்பு வரக்கூடும் என்று 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே மருந்திட்ட பின் நாயைக் கவனித்து வருவது நம் கடமை.

தீங்கு தோன்றினால்

மருந்திட்ட இடத்தில் நாய் ஓயாமல் உராய்ந்தாலோ, தோல் சிவந்தாலோ, பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு நீரால் கழுவி விடுங்கள். மருந்து எண்ணெயில் கரைந்திருப்பதால் வெறும் தண்ணீர் போதாது. நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த நீர் ஏன் கூடாது? பெர்மெத்ரினைப் பற்றி மேலே படித்ததை நினைவு கூருங்கள். சூடான நீரும் ஆகாது. மருந்து தோலுக்குள் விரைந்து நுழையும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு தோன்றினால் தாமதம் வேண்டாம். கழுவுவதில் நேரத்தைப் போக்காமல், மருந்தின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். உறையில் உள்ள பெயரும் அளவும் அவருக்கு வழிகாட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேற்கண்ட ஃபிப்ரோனில் வகையில் மிகச் சிறிய குழாய் 0.67 மில்லி லிட்டர் கொண்டது. 10 கிலோ வரை எடையுள்ள நாய்களுக்கானது. 2 கிலோ நாய்க்கும் 10 கிலோ நாய்க்கும் கிலோவுக்கு எத்தனை மில்லி கிராம் கிடைக்கும்?

2. இரண்டுக்கும் உள்ள விகிதம் என்ன? பாதுகாப்பு இடைவெளி குறுகிய ஒரு மருந்தை இவ்வாறு ஒரே அளவில் விற்றால், எந்த நாய்க்கு ஆபத்து அதிகம்?

3. உங்கள் வீட்டு நாயை எடை பார்ப்பது எப்படி? அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நில்லுங்கள், பின் நீங்கள் மட்டும் நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். அடுத்த முறை மருந்துக் கடைக்குச் செல்லும்போது, அந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும்.